கையில் அடங்கிய காமிரா

எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக மரியாதை பெற்றவர் வீடியோக்காரர்தாம். அவர் வந்து சேராமல் முகூர்த்தம் நடக்காது. தோளில் ஒரு பெரிய காமிராவைச் சுமந்துகொண்டு, சப்பரம் தூக்குகிறவரைப்போல் அடி மேல் அடி வைத்து நடப்பார். அவருக்குப் பின்னால் ஒரு பையன் கண்ணைப் பறிக்கும் விளக்கை உயரத் தூக்கிப் பிடித்து வருவான். அவனுக்கும் பின்னால் இன்னொருவன் கறுப்பு வயரைச் சுருட்டுவதும் விடுவதுமாக வருவான். இந்த ஊர்வலம் பந்திக்குள் நுழைந்தால் போதும். ரசத்தில் கை வைத்தவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெரியவர் சட்டென்று மௌனமாகி, சர்க்கார் அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போகிறவரைப்போல் நிமிர்ந்து உட்காருவார். விளக்கு நகர்ந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வரும்.

நான் சொல்லுவது பழனிக்குப் பக்கத்துக் கீரனூரைப் பற்றி. புதுக்கோட்டைப் பக்கத்திலும் ஒரு கீரனூர் உண்டு, அது வேறு. கொடைக்கானல் மலைமேல் இருந்த கோபுரத்தின் தயவால் எங்களுக்கு டெலிவிஷன் தெரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. 1993-ஆம் வருஷம் தை மாதம் என் அக்காளுக்குக் கலியாணம். அதற்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமா, பெட்டியைத் திறந்து சேலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சாமானை எடுத்தார். ஒரு படி அரிசி கொள்ளும் டப்பாவைவிடச் சிறியது. ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் ரப்பர் வளையம் வைத்த ஒரு துவாரம், பக்கவாட்டில் கைக்கு ஒரு வார். "இதுவும் வீடியோ காமிராதான்" என்றார் மாமா. எங்களில் யாரும் நம்பவில்லை. தோளில் ஏறாத காமிரா என்ன காமிரா?

அப்போது எனக்குப் பதினாலு வயது. அந்தச் சாமான் எங்கள் கைக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு பிடித்தது என்ற விஷயம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லுகிறேன்.

1895-இல் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குச் சலனப் படம் காட்டினார்கள். அடுத்த வருஷமே, 1896 ஜூலை 7-ஆம் தேதி, பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் அந்தப் படங்கள் காட்டப்பட்டன. லூமியேர்களின் காமிரா மரப்பெட்டி. கையால் சுற்ற வேண்டும். விநாடிக்கு இரண்டு சுற்று. கை சற்று வேகம் குறைந்தால் படத்தில் மனிதர்கள் ஓடுவார்கள். வேகம் கூடினால் ஊர்ந்து போவார்கள். பம்பாயில் சாவே தாதா என்று பெயர் பெற்ற ஹரிச்சந்திர சக்காராம் பட்வடேகர் இங்கிலாந்திலிருந்து ஒரு காமிரா வரவழைத்து, 1899-இல் ஒரு குஸ்திப் பந்தயத்தைப் படம் எடுத்தார். நம் நாட்டான் நம் நாட்டில் எடுத்த முதல் படங்களில் அது ஒன்று. குஸ்தி பிடித்தவர்களுக்குச் சமமாக அவர் கையும் உழைத்திருக்க வேண்டும்.

வீட்டு மனிதனுக்கென்று காமிரா வந்தது 1923-இல். அமெரிக்காவில் கோடாக் கம்பெனி 16 மில்லிமீட்டர் அகலமுள்ள, எளிதில் தீப்பற்றாத படச்சுருளையும், அதற்கென்று ஒரு காமிராவையும் கொண்டுவந்தது. அதுவரை இருந்த 35 மில்லிமீட்டர் சுருள் வெடிமருந்துக்கு உறவு. வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. காமிரா, முக்காலி, புரொஜெக்டர், திரை எல்லாம் சேர்ந்த செட்டின் விலை 335 டாலர். அதே வருஷம் பெல் அண்ட் ஹவல் கம்பெனி, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் சாவி கொடுத்தால் தானே ஓடும் காமிராவை விற்றது. கை சுற்றுகிற வேலையிலிருந்து விடுதலை பெற்றது. முக்காலியை வீட்டில் வைத்துவிட்டு வரலாம். 1932-இல் 8 மில்லிமீட்டர் வந்தது. 1965-இல், சுருளைத் தொடாமலே சோப்புக் கட்டியைப்போல் செருகிவிடும் சூப்பர் 8 வந்தது. ஆனால் 50 அடிச் சுருளில் சுமார் 3 நிமிஷம் 20 விநாடிதான் படம் பிடிக்கலாம். பிறகு அதைக் கழுவுவதற்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எடுத்தது விழுந்ததா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

படச்சுருளின் கனத்தை முழுக்க அறிந்த தமிழர் ஒருவர் உண்டு. உலகம் சுற்றிய தமிழன் என்று பெயர் பெற்ற ஏ. கே. செட்டியார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-இல் பிறந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை கற்றவர். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தியடிகளின் பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தபோது, காந்தியைப் பற்றி ஒரு செய்திப் படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்கவில்லை. தேசம் தேசமாக ஒரு லட்சம் மைல் அலைந்து, முப்பது வருஷ காலத்தில் நூறு காமிராக்காரர்கள் வெவ்வேறு இடங்களில் எடுத்திருந்த 50,000 அடிப் படத்தைச் சேகரித்தார். அதைச் சுருக்கி 12,000 அடியாக்கி, 1940-இல் தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார்.

அடிக்கணக்கு வாசகர்களுக்கு விளங்காமல் போகலாம். 35 மில்லிமீட்டர் சுருள் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். ஆகவே 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று அதிகம். எடை நூறு கிலோவுக்கு மேல். மாமா கொண்டுவந்த காமிராவின் கேசட்டில் ஒன்பது மணி நேரத்தை அடக்க ஏழு கேசட் போதும். வேட்டி மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். செட்டியார் காலத்துக் காமிராக்காரனுக்கு ஒவ்வொரு அடியும் காசு. எதை எடுப்பது என்பதைவிட எதை எடுக்காமல் விடுவது என்பதுதான் அவன் தொழில். சும்மா நடந்து போகும் ஒருவரை, சும்மா பேசும் ஒருவரை எடுக்க அவனுக்கு வசதி இல்லை.

செட்டியார் 1983-இல் காலமானார். அதே 1983-இல்தான் ஜப்பானில் ஸோனி கம்பெனி பீட்டாமூவி என்ற காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் வீடியோ என்றால் இரண்டு சாமான்: கையில் காமிரா, தோளில் தொங்கும் ரிக்கார்டர், இரண்டுக்கும் நடுவே தொப்புள்கொடி மாதிரி ஒரு வயர். 1967-இல் வந்த போர்ட்டபாக் அப்படிப்பட்டதுதான். பீட்டாமூவியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. காமிராவும் ரிக்கார்டரும் ஒட்டிப் பிறந்த குழந்தைக்குக் காம்கார்டர் என்று பெயர் வந்தது. எடை சுமார் 2½ கிலோ. ஆனால் எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்க்க அதில் வழி இல்லை; வீட்டுக்கு வந்து வேறு யந்திரத்தில்தான் போட வேண்டும். 1984-இல் ஜேவிஸி கம்பெனி சிறிய வி.எச்.எஸ். கேசட் போட்ட காமிராவை வெளியிட்டது. 1985-இல் பாட்டுக் கேசட் அளவுள்ள கேசட்டில் 8 மில்லிமீட்டர் நாடாவைச் சுற்றிய வீடியோ 8 வந்தது. 1989-இல் வந்த ஸோனி டி.ஆர்.55 என்ற காமிராவின் எடை 790 கிராம். பாஸ்போர்ட் அளவு என்று ஜப்பானில் விளம்பரம் செய்தார்கள். தோளிலிருந்து காமிரா கைக்கு இறங்கிவிட்டது.

கைக்கு இறங்கியது சரி, கைக்குப் பழகியதா? மாமாவின் காமிராவை முன்வைத்து அதைச் சொல்லுகிறேன்.

முதல் சங்கடம், மாமா இடதுகைக்காரர். அந்தத் தினுசுக் காமிராக்கள் எல்லாம் வலதுகைக்காரனை மனத்தில் வைத்துச் செய்தவை. வலது பக்கத்தில் வார். வலது கட்டைவிரலுக்கு நேராகச் சிவப்புப் பொத்தான். ஆள்காட்டி விரலுக்கு நேராகத் தூரத்தைக் கிட்டத்தில் கொண்டுவரும் விசை. மாமா இடது கையால் காமிராவைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் குழந்தைக்குத் திருஷ்டி கழிப்பதுபோல் பொத்தானைத் தேடுவார். இரண்டாவது, பார்க்கிற துவாரத்துக்குள் தெரியும் படம் கறுப்பு வெள்ளை. பாட்டி அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னடா, பட்டுச் சேலையெல்லாம் கறுப்பாத் தெரியுது?" என்று கவலைப்பட்டாள். விழுவது கலரில்தான் விழும் என்று சமாதானம் சொல்லவேண்டியிருந்தது. மூன்றாவது, பாட்டரி. ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிசு. பாதியில் சார்ஜ் போட்டால் பாட்டரி கெட்டுப்போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் மாமா தினமும் ராத்திரி பாட்டரியை முழுக்கக் காலி செய்வதற்காக மாட்டுக் கொட்டகையையும் வேப்பமரத்தையும் படம் எடுப்பார். எங்கள் ஊரில் கரண்டு எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கலியாணச் சமையலைவிடப் பாட்டரிச் சார்ஜ்தான் மாமாவின் தலைவேதனையாக இருந்தது.

கலியாணம் முடிந்து எல்லோருமாகக் கொடைக்கானல் போனோம். தை மாதத்துக் குளிர். பெருமாள்மலை வழியாகப் பழனிக்கு இறங்கி, பஸ் ஸ்டாண்டில் பையைத் திறந்து காமிராவை எடுத்தால் அது ஓட மறுத்துவிட்டது. துவாரத்துக்குள் ஏதோ ஓர் எச்சரிக்கை மின்னி மின்னி மறைந்தது. குளிரிலிருந்து வந்த காமிராவுக்குள் பனித்துளி கோத்திருக்கும்போது நாடாவைச் சுற்றினால் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். அதனால் தானே நின்றுகொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள். உள்ளே 40 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளை நிமிஷத்துக்கு 1,500 தடவை சுழல்கிறது. நாடா அதைத் தழுவிக்கொண்டு போகிறது. ஈரம் ஆகாதுதான். இந்த நியாயமெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு, "மலைக் காத்து இதுக்கு ஒத்துக்கலே போலிருக்கு" என்று அப்பா சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த விளக்கம். யோசித்துப் பார்த்தால் அதில் பிழையும் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய வில்லங்கம் அந்தச் சிவப்புப் பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் படம் ஓடும்; மறுதடவை அழுத்தினால் நிற்கும். எளிமை என்றால் இதைவிட எளிமை கிடையாது. ஆனால் அதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. எங்காவது ஒரு தடவை விரல் தவறிவிட்டால், அதற்கப்புறம் எல்லாம் தலைகீழ். நாம் எடுக்கிறோம் என்று நினைக்கும்போது காமிரா தூங்கும்; நிறுத்திவிட்டோம் என்று நினைக்கும்போது விழித்துக்கொண்டிருக்கும். ஓடுகிறதா நிற்கிறதா என்பதைத் துவாரத்துக்குள் சிறிய எழுத்துக்கள் சொல்லும். ஆனால் மாமாவுக்குக் கண்ணாடி போடாமல் கிட்டத்து எழுத்துத் தெரியாது. கண்ணாடி போட்டால் ரப்பர் வளையத்தில் கண் பொருந்தாது. உலகத்திலுள்ள காம்கார்டர் சொந்தக்காரர்களில் இந்தத் தவறைச் செய்யாதவர் அநேகமாக இருக்க முடியாது. தரையும் செருப்பும் ஆடி ஆடி நகரும் படம் எத்தனை வீட்டுக் கேசட்டில் இருக்கிறதோ!

மாமா அந்தக் கேசட்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அதைப் போட்டுப் பார்க்க அவர் காமிராவேதான் வேண்டும். கலியாணத்துக்கு வீடியோக்காரர் எடுத்துக் கொடுத்த பெரிய கேசட் இருந்ததால் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் கிடந்தது.

அப்பா 2001-இல் காலமானார். போட்டோக்கள் இருக்கின்றன. கலியாண வீடியோவிலும் அவர் இருக்கிறார்: விளக்கு முகத்தில் அடிக்க, நிமிர்ந்து, வாயை மூடிக்கொண்டு. பாட்டும் மேளமும் சேர்த்து "மிக்ஸிங்" செய்த படம் அது; இதயத்துக்குள் மணமக்கள் முகம் வரும், ஆகாயத்திலிருந்து பூ விழும். அப்பாவின் குரல் மட்டும் எங்கேயும் இல்லை.

பொருளை வைத்திருப்பது ஒன்று, அதை உபயோகிக்கக்கூடிய நிலையில் வைத்திருப்பது வேறொன்று. 1895-இல் எடுத்த சுருளை இன்றைக்கும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உருவம் தெரியும். காந்த நாடாவைத் தூக்கிப் பிடித்தால் பழுப்பு நிறம்தான் தெரியும். அதற்கென்று பிறந்த யந்திரம் இருந்தால்தான் அது வாய் திறக்கும். அந்த யந்திரங்களோ ஒவ்வொன்றாகப் போய்விட்டன. 2016 மார்ச்சில் பீட்டாமாக்ஸ் கேசட் விற்பனை நின்றது. அதே வருஷம் ஜூலையில், வி.எச்.எஸ். யந்திரம் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியும் நிறுத்திவிட்டது. டெலிபோனிலேயே காமிரா வந்த பிறகு கையடக்க வீடியோ காமிராவை யார் தேடுகிறார்கள்? சுருளாக இருந்தாலும் பேணாவிட்டால் கதி இதுதான் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு லட்சம் மைல் அலைந்து செட்டியார் சேர்த்த படமே 1940-இல் தமிழில் வந்த உருவில் இன்று நம் கையில் இல்லை. 1953-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பின் பிரதி ஒன்றுதான், பல வருஷங்களுக்குப் பின் அங்குள்ள ஒரு சர்வகலாசாலையில் அகப்பட்டது. மகாத்மாவின் படத்துக்கே அந்தக் கதி என்றால், கீரனூர்க் கேசட் எம்மாத்திரம்?

போன வருஷம் பீரோவை ஒழித்தபோது அந்தக் கேசட் கையில் தட்டுப்பட்டது. மாமாவின் காமிரா எப்போதோ உயிரை விட்டிருந்தது. திண்டுக்கல்லில் விசாரித்தேன்; கோயம்புத்தூரில் ஒருவர் பழைய யந்திரங்களை வைத்துக்கொண்டு கேசட்டுகளைப் புது முறைக்கு மாற்றித் தருகிறார் என்றார்கள். கேசட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சக்காளான் படர்ந்திருந்தது. "உத்தரவாதம் சொல்ல மாட்டேன்" என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டார். பத்து நாள் கழித்து, ஒரு விரல் நீளமுள்ள சாமானில் அதை அடக்கிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை அழைப்பு விழவில்லை. அக்காளுக்கு நலங்கு வைத்தது விழவில்லை. மாமா எதையெல்லாம் ஆசையோடு எடுத்தாரோ அதில் முக்கால்வாசி இல்லை. பதிலாகச் செருப்புகள், கொட்டகைத் தரை, அண்டாவின் அடிப்பாகம். நடுவில் பதினொரு நிமிஷம் தோட்டத்து வரப்பு. செம்மண்ணும் காய்ந்த சோளத் தட்டும் தலைகீழாக ஆடிக்கொண்டு போகின்றன. அவற்றின் மேல் இரண்டு பேருடைய குரல். அந்த முறையில் ஓசையையும் படத்தோடு சேர்த்தே சுழலும் உருளை எழுதுகிறது. ஆகவே பக்கத்தில் நின்று பேசுவதுபோல் துல்லியமாக இருக்கிறது.

"மாப்ளே, அது ஓடுதா, நின்னுருச்சா?" என்கிறார் அப்பா.

"நின்னுருச்சு மச்சான்" என்கிறார் மாமா.

அப்பா கொஞ்ச தூரம் பேசாமல் நடக்கிறார். இருமுகிறார். கன்றுக்குட்டியை அதட்டுகிறார். பிறகு, "கிணத்து மேட்டுப் பூமியைக் கிரயம் பண்ணிட்டேன். உங்கக்காகிட்டச் சொல்லிறாதே. கலியாணம் முடியட்டும்" என்கிறார். எவ்வளவுக்கு என்று மாமா கேட்கிறார். அப்பா சொல்லுகிறார். இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு முருங்கை விலையைப் பற்றிப் பேச்சுத் திரும்பிவிடுகிறது.

அந்தப் பூமி எப்போது கைமாறியது, ஏன் மாறியது என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஏதோ கடனுக்காகப் பின்னால் போயிற்று என்றே நினைத்திருந்தேன். கேட்டதும் எனக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி வருத்தமல்ல, கூச்சம். அப்பா கேட்டுக்கொண்டுதான் பேசினார். நின்றுவிட்டது என்று சொன்னதை நம்பித்தான் பேசினார். விளக்கைக் கண்டு வாயை மூடிக்கொண்ட மனிதரை விளக்கில்லாத காமிரா ஏமாற்றிவிட்டது. காமிரா கையில் அடங்கியதன் லாபமும் அதுதான், அபாயமும் அதுதான். பெரிய காமிரா வருகிறபோது மனிதன் எச்சரிக்கையாகிறான். சிறிய காமிராவுக்கு முன்னால் அவன் மனிதனாகவே இருந்துவிடுகிறான். நூறு வருஷமாகக் கம்பெனிக்காரர்கள் கனத்தைக் குறைத்தார்கள்; அத்துடன் எதிரில் நிற்பவனின் காவலும் குறைந்துவிட்டது. இன்றைக்கு எல்லோர் சட்டைப் பையிலும் காமிரா இருக்கும்போது, "ஓடுதா, நின்னுருச்சா?" என்று கேட்க வேண்டும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை.

அம்மாவிடம் காட்டுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாதே என்றவர் இல்லை. சொல்லக் கூடாதவளோ எண்பதை நெருங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். குரலையாவது கேட்கட்டும் என்று போட்டுக் காட்டினேன். அம்மா வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்தது, போயிற்று. அவள் முகத்தில் மாறுதல் இல்லை. முடிந்ததும், "எனக்கு அன்னைக்கே தெரியும்டா. பொட்டியிலே பத்திரத்தைக் காணோமே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த இருமல் வர்ற இடத்தை இன்னொரு தடவை போடு" என்றாள்.

அதற்கப்புறம் அக்காளிடமும் சொல்லிவிட்டேன். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். அவளுடைய கலியாணத்துக்காகப் போன பூமி அல்லவா? நெடுநேரம் டெலிபோனில் ஒன்றும் பேசவில்லை. வைத்துவிட்டாள் என்றே எண்ணினேன்.

"எழுது தம்பி" என்றாள் கடைசியில். "ஆனா எவ்வளவுக்கு வித்தாருன்னு மட்டும் எழுதாதே."

எழுதவில்லை.